சுவரில் சிமிட்டும் சிவப்புக் கண்

துறையூரைத் தாண்டிச் சோபனபுரம் வழியாகப் பச்சைமலைக்கு ஏறும் சாலையைத் திருச்சி மாவட்டத்து வாசகர்கள் பலர் அறிந்திருப்பீர்கள். வளைந்து வளைந்து ஏறினால் மேலே டாப் செங்காட்டுப்பட்டி. அதைச் சுற்றிலும் முந்திரியும் பலாவும் மரவள்ளியும் விளைகின்ற சிற்றூர்கள். மலையாளி என்னும் பெயரால் அறியப்படும் பழங்குடி மக்கள் வாழும் ஊர்கள். 2023 ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் மதரஸா மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு அங்கே சென்றிருந்தேன். மாலையில் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. ஒரு வீட்டின் திண்ணையில் ஒதுங்கினோம்.

அது ஒரு பசுமை வீடு. 2011 இல் தமிழக அரசு தொடங்கிய திட்டத்தின்கீழ்க் கட்டப்பட்டது. 300 சதுர அடிப் பரப்பு. கூரைமேல் சூரியத் தகடு. அதனால் எரியும் ஐந்து விளக்குகள். மழையால் கம்பி வழி வரும் மின்சாரம் நின்றுவிட்டிருந்தது. அவ்வீட்டார் பேட்டரியை மாற்றிப் பழுதுபார்த்துச் சூரிய விளக்கை உயிரோடு வைத்திருந்தார்கள். சுவரில் ஒரு சிறு பெட்டி. அதில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பொட்டுப் போன்ற மூன்று வெளிச்சங்கள். பேரப்பிள்ளை ஒருவன் உள்ளறை விளக்கையும் போடப் போனான். பாட்டி அவனைத் திட்டவில்லை. சிக்கனத்தின் சிறப்பை எடுத்துரைக்கவுமில்லை. பெட்டியை நோக்கி விரலை நீட்டினார், அவ்வளவுதான். அங்கே மஞ்சள் எரிந்துகொண்டிருந்தது. பையன் கையை எடுத்துவிட்டான். சற்று நேரம் கழித்து அவனே வந்து, திண்ணை விளக்கை அணைத்துக்கொள்ளலாமா என்று எங்களிடம் கேட்டான்.

அன்பு வாசகர்களே! அந்த விரல் நீட்டலை நான் இன்றளவும் மறக்கவில்லை. வீட்டில் மின்சாரத்தைச் சேமிக்குமாறு மனிதரை நயமாக இணங்கவைப்பது எப்படி என்று மேலை நாட்டுப் பல்கலைக்கழகங்களும் பெரும் நிறுவனங்களும் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகின்றன. அதற்கென்றே சாதனங்கள் செய்து விற்கின்றன. அந்தச் சாதனங்கள் இப்போது நம் வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டன. அவற்றால் நமக்கு என்ன பயன், எங்கே எச்சரிக்கை வேண்டும் என்பதை உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

பன்னிரண்டு யூனிட்டின் விலை

மலையிலிருந்து இறங்கிய அதே வாரத்தில் என் வீட்டுக்கு மின்கணக்கு எடுக்க வந்தார்கள். இரண்டு மாதத்திற்கு 512 யூனிட் ஆகியிருந்தது. தொகையைப் பார்த்து முதலில் ஏதோ பிழை என்றே எண்ணினேன். பிறகு தாளும் எழுதுகோலுமாக உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பிழை ஏதுமில்லை.

2022 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணம் அப்போது இருந்தது. அதன்படி 500 யூனிட்டுக்குள் நின்றவருக்கு முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த 100க்கு யூனிட் ஒன்றுக்கு 2 ரூபாய் 25 காசு. அதற்கடுத்த 200க்கு 4 ரூபாய் 50 காசு. கடைசி 100க்கு 6 ரூபாய். ஆக, சரியாக 500 யூனிட் என்றால் 1,725 ரூபாய். ஆனால் 501 ஆவது யூனிட்டில் கால் வைத்தவருக்கு அந்த 2 ரூபாய் 25 காசுப் படியே இல்லை! 100க்கு மேல் 400 வரை எல்லாம் 4 ரூபாய் 50 காசாகிவிடும். 500ஐத் தாண்டியதற்கு 8 ரூபாய். அந்த ஒரே ஒரு யூனிட்டால் மொத்தம் 1,958 ரூபாயாக ஏறும். நான் தாண்டியது பன்னிரண்டு யூனிட். கட்டியது 2,046 ரூபாய். பன்னிரண்டு யூனிட்டுக்காக 321 ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருக்கிறேன். (2024 ஜூலையில் இந்த விலைகள் மேலும் கூட்டப்பட்டன.)

பணம் போனதைவிட எனக்கு உறுத்தியது வேறொன்று. அந்தப் பன்னிரண்டு யூனிட் எந்த இரவில், எந்த அறையில், எவர் கையால் போயிற்று என்பது வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. தெரிய வழியே இல்லை. மளிகைக் கடையில் பற்று வைத்து வாங்குகிறோம். கடைக்காரர் நோட்டில் நாள்தோறும் பருப்பு இவ்வளவு, எண்ணெய் இவ்வளவு என்று வரி வரியாக எழுதுகிறார். மாத முடிவில் சண்டை வந்தாலும் எந்த வரியில் சண்டை என்பதாவது தெரியும். மின்சாரத்திலோ அறுபது நாள் கழித்து ஒரே ஒரு தொகை வந்து நிற்கிறது. அதைக் கண்டு வருந்தலாம்; வீட்டாரைக் கடிந்துகொள்ளலாம். அறுபது நாளுக்கு முந்திய ஓர் இரவுக்குத் திரும்பிப் போய் ஏ.சி.யை அணைத்து வர முடியுமா?

பச்சைமலைப் பெட்டி அறுபது நாள் கழித்துப் பேசவில்லை. பையனின் விரல் சுவிட்சின்மேல் இருந்த நொடியில் பேசியது.

இணங்கவைக்கும் கலை

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பி.ஜே. ஃபாக் என்பவர், மனிதர் நடத்தையைக் கணினி எவ்வாறு மாற்றுகிறது என்பது பற்றி 2003 இல் ஒரு நூல் எழுதினார். அவரது விளக்கத்தின் சாரம் இது: மனிதன் ஒரு செயலைச் செய்ய மூன்று வேண்டும். செய்யும் விருப்பம் வேண்டும். செய்வது அவனுக்கு எளிதாக இருக்க வேண்டும். உரிய நொடியில் ஒரு தூண்டுதல் வேண்டும். இம்மூன்றும் ஒரே கணத்தில் கூடாவிட்டால் செயல் நிகழாது. சிக்கனம் பற்றிய மேடைப் பேச்சுகள் ஏன் வீண் போகின்றன என்று எனக்கு அப்போது விளங்கியது. பேச்சு விருப்பத்தை மட்டுமே ஊட்டுகிறது. கூட்டம் கலைந்து வீடு திரும்புமுன் அந்த விருப்பம் ஆறிவிடுகிறது.

பாங்கோசையை எண்ணிப் பாருங்கள். தொழுகையின் சிறப்பை அறியாத முஸ்லிம் உண்டா? ஆயினும் அறிந்தவனையும் நாளுக்கு ஐந்து முறை, அதுவும் அந்தந்த வேளையில், அழைக்க வேண்டியிருக்கிறது. மறதி மனித இயல்பு என்பதை நம் மார்க்கம் நன்கறிந்தே அழைப்பை அமைத்திருக்கிறது.

கண்ணில் படுவதன் வலிமை பற்றி டோனெல்லா மெடோஸ் என்ற அமெரிக்க அறிஞர் ஒரு செய்தியை எழுதியிருக்கிறார். ஆலந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகருக்கு அருகே ஒரே காலத்தில், ஒரே மாதிரி கட்டப்பட்ட வீடுகள். சில வீடுகளில் மின் மீட்டர் நிலவறையில் இருந்தது. சிலவற்றில் முன்கூடத்தில் இருந்தது. முன்கூடத்தில் மீட்டர் உள்ள வீடுகளில் மின்செலவு மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்ததாம். நம் வீடுகளில் மீட்டர் பெரும்பாலும் வாசற்பக்கந்தான் இருக்கிறது. ஆனால் நாம் அதற்கு ஒரு மரப்பெட்டி செய்து பூட்டிவிடுகிறோம். கீழே செருப்பு அடுக்குகிறோம்!

அடுத்த வீட்டைச் சுட்டிக்காட்டுவது மற்றொரு வழி. கலிஃபோர்னியாவின் சான் மார்கோஸ் என்ற ஊரில் நடந்த ஆய்வொன்று 2007 இல் வெளியாயிற்று. உங்கள் வீடு இவ்வளவு செலவிடுகிறது, உங்கள் சுற்றுப்புறத்தின் சராசரி இவ்வளவு என்று வீட்டுக் கதவுகளில் தாள் மாட்டினார்கள். சராசரிக்கு மேலிருந்தவர்கள் குறைத்தார்கள். விந்தை என்னவென்றால், சராசரிக்குக் கீழே சிக்கனமாக இருந்தவர்கள் கூட்டிவிட்டார்கள்! "நாம்தான் ஏமாளியா?" என்று நினைத்தார்கள் போலும். அவர்களைப் போன்றே சிக்கனமான வேறு சில வீடுகளுக்குச் சென்ற தாளில் ஒரு சிரித்த முகத்தையும் வரைந்து அனுப்பினார்கள். அங்கே செலவு கூடவில்லை. பாராட்டு என்பது எவ்வளவு சிறிய செலவில் எவ்வளவு பெரிய வேலையைச் செய்கிறது பாருங்கள். நம் வீடுகளில், விளக்கை அணைக்க மறந்த பிள்ளைக்கு வசவு தவறாமல் கிடைக்கிறது. அணைத்த பிள்ளையை எவரேனும் கவனித்ததுண்டா?

இதைவிட என் சிந்தனையைக் கிளறியது நம் நாட்டிலேயே தில்லிப் பகுதி அடுக்குமாடிக் குடியிருப்பில் நடந்த ஆய்வு. அனந்த் சுதர்சன் என்ற பொருளியல் ஆய்வாளர் அதன் முடிவை 2017 இல் வெளியிட்டார். அண்டை வீடுகளோடு ஒப்பிட்ட கணக்கு மட்டும் வாரந்தோறும் சென்ற வீடுகள், கோடைக்காலத்தில் 7 விழுக்காடு மின்செலவைக் குறைத்தன. வேறு சில வீடுகளுக்கு அதே ஒப்பீட்டோடு பணத்தையும் சேர்த்தார்கள். குறைத்தால் ஆதாயம் உண்டு என்று. இரண்டும் சேர்ந்தால் பயன் இரட்டிக்க வேண்டுமல்லவா? முதலில் இருந்த குறைவும் மறைந்துபோயிற்று!

ஹதீஸ் பாடம் நடத்துகிறவனுக்கு இதில் வியப்பில்லை. செயல்கள் எண்ணங்களைக் கொண்டே அமைகின்றன என்ற நபிமொழியைத்தான் புகாரியின் முதல் ஹதீஸாகப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். பொது நன்மை என்ற எண்ணத்தோடு விளக்கை அணைத்தவன், காசு என்று பேசியதும் வியாபாரியாகிவிடுகிறான். இந்தக் காசுக்கு இந்தப் புழுக்கம் தாங்காது என்று கணக்கிட்டு விசிறியை மீண்டும் போட்டுக்கொள்கிறான். ஆய்வாளர் இப்படிச் சொல்லவில்லை. இது என் விளக்கம்.

ஏ.சி. சொல்லாமல் சொல்வது

நாம் அறியாமலே நம்மை இணங்கவைக்கும் சாதனம் ஒன்று நம் வீடுகளில் ஏற்கெனவே தொங்குகிறது. நட்சத்திரக் குறி பெற்ற அறை ஏ.சி.கள் அனைத்தும், போட்டவுடன் 24 டிகிரியில் தொடங்கும்படியே அமைக்கப்பட வேண்டும் என்பது 2020 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் விதி. குறைத்துக்கொள்ள விரும்புகிறவர் குறைத்துக்கொள்ளலாம், தடையில்லை. ஆனால் அதற்கு ஒருமுறை கையை அசைக்க வேண்டும். மனிதனின் சோம்பலையே சிக்கனத்திற்கு ஊழியம் செய்ய வைத்த இந்த ஏற்பாட்டை நான் மிகவும் ரசிக்கிறேன். ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிஞ்சும் என்பது எரிசக்திச் சிக்கன அமைப்பான பி.இ.இ.யின் கணக்கு. 20இல் உறங்கிப் போர்வையைத் தேடுகிறவர், 24இல் உறங்கிப் போர்வையை மடித்து வைக்கலாம்.

அடுத்தது மின்விசிறி. திருச்சியில் சித்திரையும் வைகாசியும் எப்படிக் காய்கின்றன என்பதை இங்கே வாழ்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. இரவும் பகலும் விசிறி சுழல்கிறது. பழைய விசிறி ஏறத்தாழ 75 வாட் எடுக்கும், பி.எல்.டி.சி. என்ற புதுவகை 30 வாட்டுக்குள் அதே காற்றைத் தருகிறது. நாளுக்கு 15 மணி நேரம் ஓடும் ஒரு விசிறியை மாற்றினால், இரண்டு மாதத்தில் 40 யூனிட் குறைகிறது. எனக்குத் தேவைப்பட்டதோ பன்னிரண்டு! 2023 ஜனவரி முதல் கூரை விசிறிகளுக்கும் நட்சத்திரக் குறி கட்டாயமாகிவிட்டது. வாங்கும்போது நிறத்தையும் இறக்கையின் அழகையும் மட்டும் பார்க்காமல் அந்தக் குறியையும் பாருங்கள், சகோதரிகளே.

இனி, கைப்பேசியோடு பேசும் சாதனங்கள். ஏ.சி.க்கும் வாட்டர் ஹீட்டருக்கும் பொருத்துகிற ஸ்மார்ட் பிளக். ஆள் வந்தால் எரிந்து, போனால் அணைகிற விளக்கு. இந்த நொடியில் இந்தச் சாதனம் இவ்வளவு மின்சாரம் குடிக்கிறது என்று காட்டுகிற செயலி. வெளிநாடுகளில் நெஸ்ட் என்ற வெப்பநிலைக் கட்டுப்பாட்டுச் சாதனம் 2011 இல் வந்தது. சிக்கனமான அளவில் வைத்தால் அதன் முகத்தில் ஒரு சின்னஞ்சிறு பச்சை இலை தோன்றும். அந்த இலையைக் காண்பதற்காகவே மக்கள் குமிழைத் திருப்பினார்கள். அழகிய யோசனை! ஆனால் 2025 அக்டோபரில் அந்நிறுவனம் முதலிரு தலைமுறைச் சாதனங்களுக்குத் தன் ஆதரவை நிறுத்தியது. அவை கைப்பேசியோடு பேசுவது நின்றது. சாதனம் வாங்கியவன் வீட்டுச் சுவரில். அதன் அறிவோ விற்றவன் கையில். இவ்வகைப் பொருளை வாங்குமுன் இதை ஒருகணம் எண்ணிக்கொள்வது நல்லது.

ஒரு சகோதரியின் இரவு

எச்சரிக்கை என்று முன்னர்ச் சொன்னேன். அது விலையைப் பற்றியதன்று.

என் மனைவியிடம் ஒரு சகோதரி சொல்லிக் கண்கலங்கிய செய்தி. ஊரும் பெயரும் வேண்டாம். கணவர் வளைகுடாவில் உழைக்கிறார், நல்ல மனிதர். விடுமுறையில் வந்தபோது படுக்கையறை ஏ.சி.க்கு ஸ்மார்ட் பிளக் பொருத்திவிட்டுப் போனார். செயலி அவர் கைப்பேசியில் மட்டும். மின்கட்டணம் குறைய வேண்டும் என்பதே அவர் நோக்கம். அதில் நாம் ஐயப்பட வேண்டியதில்லை. கடல் கடந்து அவர் சிந்தும் வியர்வைதான் அந்தக் கட்டணம். ஒருநாள் நள்ளிரவு, காய்ச்சலில் சிணுங்கி அப்போதுதான் கண்ணயர்ந்த கைக்குழந்தை வீறிட்டு அழுதது. அறை புழுங்கியது. ஏ.சி. நின்றிருந்தது. மின்வெட்டு என்று எண்ணி அவர் விளக்கைப் போட்டார்; விளக்கு எரிந்தது. கைப்பேசியைப் பார்த்தால் கணவரிடமிருந்து செய்தி: "நாலு மணி நேரம் ஓடியாச்சு, போதும்."

அந்தச் சகோதரி பதில் எழுதவில்லை. எழுந்து அந்தப் பிளக்கைப் பிடுங்கி அலமாரியில் வைத்துவிட்டு, ஏ.சி.யை நேராகச் சுவரில் மாட்டினார். அன்று முதல் அது அலமாரியில்தான் இருக்கிறது. மின்கட்டணம் முன்னைவிடக் கூடியிருப்பதாகவும் அவரே ஒப்புக்கொண்டார். "இப்ப வேணும்னே ஓட விடுறேன்" என்றாராம்.

ஒரே சாதனந்தான். பச்சைமலையில் அதை விளக்கைப் போடுகிறவனின் கண்ணுக்கு முன்னால் வைத்திருந்தார்கள். அவன் தானே இணங்கினான். இங்கே அதை வேறொருவர் கையில், ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் கொடுத்தோம், அது ஒற்றனாகிவிட்டது. துருவித் துருவி ஆராய்வதை அல்லாஹ் திருக்குர்ஆனின் ஹுஜுராத் அத்தியாயம் 12 ஆம் வசனத்தில் தடுத்திருப்பதை நாம் அண்டை வீட்டாருக்கு மட்டும் பொருத்திப் பார்க்கிறோம். சொந்தப் படுக்கையறையில் இல்லாளின் உறக்க வேளைகளைக் கணக்கெடுக்கும் ஒரு பெட்டிக்கும் அதைப் பொருத்திப் பார்க்க வேண்டாமா? நான் ஃபத்வா கொடுக்கவில்லை. அதற்குரிய பெரியோர் இருக்கிறார்கள். என் கருத்தைக் கேட்டால், செயலி வீட்டில் இருப்பவர் கையில் இருக்கட்டும். மொத்தத் தொகை மட்டும் வளைகுடாவுக்குப் போகட்டும். சென்ற முறை இவ்வளவு, இந்த முறை இவ்வளவு என்று அந்தச் சகோதரியே பெருமையோடு எழுதி அனுப்பும்படி ஆகட்டும். அப்போது சான் மார்கோஸ்காரர்கள் வரைந்த சிரித்த முகத்தைக் கணவர் பதிலாக அனுப்பலாம்.

எலியும் திரியும்

வீண் விரயம் பற்றிப் பேசும்போது நம் பேச்சாளர்கள் ஆற்றங்கரையில் உளூச் செய்யும் ஹதீஸைத் தவறாமல் சொல்வார்கள். நான் விளக்கு ஹதீஸை நினைவூட்டுகிறேன். ஜாபிர் (ரலி) அறிவிக்க, புகாரியில் இடம்பெறுவது. இரவில் கதவுகளைச் சாத்துமாறும், தோற்பைகளின் வாயைக் கட்டுமாறும், பாத்திரங்களை மூடுமாறும், உறங்கப் போகையில் விளக்குகளை அணைக்குமாறும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். விளக்கை அணைப்பதற்குக் காரணத்தையும் சொன்னார்கள்: எலி திரியை இழுத்துச் சென்று வீட்டாரை எரித்துவிடக்கூடும்.

இதில் இரண்டு நுட்பங்களைக் காண்கிறேன். வெறுங்கட்டளையாக விடாமல், கேட்பவர் கண்முன் ஓர் எலியை ஓடவிட்டார்கள். அந்தச் சித்திரத்தைக் கேட்டவன் மறப்பானா? இரண்டாவது, விளக்கணைப்பைத் தனி வேலையாக வைக்கவில்லை. எந்த வீட்டிலும் படுக்குமுன் எப்படியும் நடக்கிற ஒரு சுற்று உண்டு. கதவு, பாத்திரம், தண்ணீர் என்று. அந்தச் சுற்றோடு விளக்கையும் பிணைத்தார்கள். முன்னர்க் குறிப்பிட்ட ஃபாக், பின்னாளில் எழுதிய நூலில் இதைத்தான் பெரிதாக வலியுறுத்துகிறார்: புதிய பழக்கத்தைத் தனியே நடாதே, ஏற்கெனவே உள்ள பழக்கத்தின் வாலில் கட்டு என்று.

என் பாட்டியார் இஷா முடிந்ததும் இந்தச் சுற்றைச் செய்வார். அடுப்பைத் தொட்டுப் பார்த்து, பானையை மூடி, தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்து, கடைசியில் அரிக்கேன் திரியை இறக்குவார். ஒவ்வொன்றுக்கும் ஒரு பிஸ்மில்லாஹ். இன்று அந்தச் சுற்றில் வாட்டர் ஹீட்டர், மோட்டார், டி.வி., அதன் செட்டாப் பெட்டி ஆகியவை சேர வேண்டியவை. யாரும் சேர்க்கவில்லை. ரிமோட்டால் அணைத்தால் அணைந்துவிட்டது என்றே நம்புகிறோம்.

பிள்ளைகள் எண்ணிய எண்ணிக்கை

சாதனம் வாங்க வசதியில்லாதவர் என்ன செய்வது? வாங்கவே வேண்டாம். நம் வீட்டு எலக்ட்ரானிக் மீட்டரின் முகத்தில் ஒரு சிறு சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கிறதல்லவா? அது அழகுக்காக வைத்ததன்று. மீட்டரின் முகப்பில் 'இம்ப்' என்ற ஆங்கிலக் குறியோடு ஓர் எண் அச்சிட்டிருக்கும். பல மீட்டர்களில் அது 3200, சிலவற்றில் வேறு. அதாவது 3200 முறை சிமிட்டினால் ஒரு யூனிட் செலவாயிற்று என்று பொருள்.

இதை ஒருநாள் பாடம் முடிந்தபின் மாணவர்களுக்கு விளக்கி, கணக்கும் போட்டுக் காட்டினேன். 1500 வாட் ஏ.சி. முழு வேகத்தில் ஓடினால் நிமிடத்திற்கு 80 சிமிட்டல். 1000 வாட் இஸ்திரிப் பெட்டி 53. 2000 வாட் வாட்டர் ஹீட்டர் 100க்கும் மேல். எண்ணவே முடியாது, கண் கூசும். பழைய விசிறி நிமிடத்திற்கு 4. புதுவகை விசிறி இரண்டு நிமிடத்திற்கு 3. 9 வாட் எல்.இ.டி. விளக்கு மட்டும் எரிந்தால் இரண்டு நிமிடத்திற்கு ஒருமுறைதான் சிமிட்டும். மீட்டரைத் தொடக்கூடாது, தள்ளி நின்று பார்த்து எண்ண வேண்டும், அத்தாவோ அம்மாவோ அருகில் இருக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் மதரஸாவே இரைச்சலாயிற்று. ஒருவன் வீட்டில் 94. ஒருவன் வீட்டில் 11. ஒரு சிறுமி, தன் அம்மா மீட்டருக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு சுவிட்சாக அணைக்கச் சொல்லித் தாமே எண்ணியதாகக் கூறினாள். என் பன்னிரண்டு யூனிட்டை எங்கே தேடுவது என்று எனக்கும் அன்றுதான் வழி தெரிந்தது.

எல்லாரினும் பொறுமைசாலி ஒருவன் இருந்தான், பத்து வயதிருக்கும். அவன் மூன்று நாள் கழித்து வந்தான். "ஹஜ்ரத், வீட்டுல எல்லாத்தையும் அணைச்சிட்டோம். ஃப்ரிட்ஜையும் கொஞ்ச நேரம் நிறுத்தியாச்சு. ஆனா மீட்டர் மட்டும் 45 நொடிக்கு ஒரு தடவை சிமிட்டுது. ஏன்?" என்றான். 45 நொடிக்கு ஒன்று என்றால் மணிக்கு 80; அதாவது 25 வாட். இரவும் பகலும் அப்படியே ஓடினால் இரண்டு மாதத்தில் 36 யூனிட். நானும் அவனுமாகக் கரும்பலகையில் போட்டுப் பார்த்துத் திகைத்து நின்றோம். மறுநாள் அவனே விடையோடு வந்தான். அலமாரிக்குப் பின்னால் செட்டாப் பெட்டி. அதற்கு மேலே இணைய இணைப்புப் பெட்டி. இன்னும் பழைய கைப்பேசிச் சார்ஜர் ஒன்று. தேவையில்லாதவற்றை இரவில் சுவிட்சிலேயே அணைக்கும் பொறுப்பை வீட்டார் அவனிடமே ஒப்படைத்துவிட்டார்களாம். இஷா தொழுதுவிட்டு வந்ததும் அது அவன் வேலை.

சொல்லிவிட்டுப் போனவன், வாசல்வரை சென்று திரும்பி வந்தான்.

"ஹஜ்ரத், நம்ம பள்ளிவாசல் மீட்டர் எங்க இருக்கு?"

எனக்குத் தெரியவில்லை. முத்தவல்லியிடம் கேட்டேன். அவருக்கும் உடனே நினைவுக்கு வரவில்லை. கடைசியில் மோதினார்தான், ஜனாஸா சந்தூக் வைக்கும் அறையின் கதவுக்குப் பின்னால் ஒரு பூட்டிய மரப்பெட்டியைக் காட்டினார். சாவியைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.